வண்டிக் கொட்டகைக்குக் கான்கிரீட் தளம்

மாட்டுவண்டி நின்ற இடத்தில் இன்று இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து அங்கத்தினர் பலருடைய வீடுகளில் டிராக்டரோ சரக்கு வண்டியோ நிற்கிறது. நூல் சிப்பங்களும் உர மூட்டைகளும் அதே கொட்டகையில் இடம் பெறுகின்றன. ஆனால் சேமிப்பைக் கரைத்து அமைத்த தளம் ஓராண்டிற்குள் வெடித்துப் புழுதி கிளப்புவதை நாம் பல ஊர்களில் காண்கிறோம். இவ்வட்டாரத்தில் சிமெண்டு எட்டாப் பொருளன்று. 1957-இல் நிறுவப்பெற்ற மதராஸ் சிமெண்ட்ஸின் முதல் ஆலையே விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டியில்தான் எழுந்தது. குறை பெரும்பாலும் நீரைக் கையாளும் முறையில் உள்ளது.

முதலில் நிலத்தைக் கவனிக்க வேண்டும். மலையடிவாரத்துச் செம்மண் பெரும்பாலும் உறுதியானது. கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் மிகும். அது மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நேரே தளமிடலாகாது. கரிசலை அகழ்ந்தெடுத்து, கிராவல் நிரப்பி, அடுக்கடுக்காக நீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். அதன்மேல் பாலிதீன் விரிப்பு இட்டால் நூலுக்கு ஈரம் ஏறாது.

சிறு வண்டிக்கு 4 அங்குல கனம் போதும். சுமையேற்றிய டிராக்டருக்கு 6 அங்குலம் வேண்டும். 20 அடிக்கு 10 அடித் தளத்தை 4 அங்குலத்தில் இட ஏறத்தாழ 16 மூட்டை சிமெண்டு ஆகும். சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி மூன்று பங்கு என்று பெட்டியால் அளந்து கலக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் சேர்க்கலாகாது. மணல் ஈரமாயிருப்பின் இன்னும் குறைக்க வேண்டும். பரப்புவதற்கு எளிது என்று கூடுதலாக ஊற்றும் நீர் பின்னர் ஆவியாகி, நுண்துளைகளை விட்டுச் செல்லும். வலுக்குறைவும் புழுதியும் அதனால் விளைபவை.

தளம் வாயிலை நோக்கி 3 அங்குலம் சரிய வேண்டும். மறுநாளுக்குள் நீளத்தின் நடுவே, கனத்தில் கால் பங்கு ஆழத்திற்கு ஒரு கோடு வெட்டிவிட்டால், சுருங்கும்போது ஏற்படும் வெடிப்பு அக்கோட்டிலேயே அடங்கும்.

சிமெண்டு உலர்ந்து இறுகுவதன்று. நீருடன் வேதியியல் முறையில் கூடி இறுகுவது. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வீசும் காற்று மேற்பரப்பின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். ஆதலின் வெயில் தாழ்ந்தபின் தளமிட்டு, உடனே பாலிதீனால் மூடி, மறுநாள் களிமண்ணால் பாத்தி கட்டி நீர் நிறுத்துக. வெப்பக் காலத்தில் சாதாரண சிமெண்டுக்குப் பத்து நாட்கள், சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்குப் பதினான்கு நாட்கள் நீர் வற்றலாகாது. பாரவண்டியை 28 நாட்கள் கழித்தே ஏற்றுக.

நாற்று நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் பாய்ச்ச எந்த உழவரும் மறப்பதில்லை. தளத்திற்கும் அக்கவனமே தேவை. அண்டை வீட்டு அங்கத்தினர் சிலர் ஒரே வாரத்தில் வேலையை வகுத்துக்கொண்டால் கலவை இயந்திரத்தின் வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் வெளியூர் சென்றாலும் மற்றவர் அவருடைய தளத்திற்கு நீர் விடலாம். கூட்டுறவின் பயன் இத்தகைய சிறு செயல்களிலும் விளங்கும்.