போன ஒன்பதும் வந்த ஏழும்

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! இந்தப் பகுதியில் சம்பளம், சந்தா, சாக்கடை, குடிநீர் என்றே எழுதி வந்த நான் இன்று பந்து விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "என்னா, சங்கத்து ஆளு திடல்ல எறங்கிட்டாரு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் வேலைக்காட்டுக்கே வந்து சேருவோம்.

2011-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி. கோலா கங்சார் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மத்தியான நேரம். செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் உள்ளே வந்தார். எனக்குத் தெரிந்து இருபது வருடமாக லிவர்பூல் பைத்தியம். மேசையில் ஒரு பையைப் போட்டார். அதற்குள்ளே இருந்தது ஒரு சிவப்புச் சட்டை. முதுகில் 9-ம் எண், அதற்கு மேல் டோரஸ் என்ற பெயர். போன வாரந்தான் பசார் மாலாமில் மகனுக்கு வாங்கினாராம்.

"தம்பி, பய ஓடிட்டான்யா! இனி இந்தச் சட்டைய என்னா செய்யிறது?" என்றார்.

விஷயம் இதுதான். ஸ்பெயின் நாட்டுக்காரர் ஃபெர்னாண்டோ டோரஸ் 2007-ல் லிவர்பூலுக்கு வந்தவர். 142 ஆட்டங்களில் 81 கோல். அந்த ஆண்டு ஜனவரி 31 இரவு, ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதித்த காலம் முடிகிற நேரத்தில், அவர் செல்சிக்குப் போய்விட்டார். விலை 5 கோடி பவுண்டு. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 24 கோடி வெள்ளி. லண்டனில் இரவு மணி 11 என்றால் நமக்குக் காலை 7. நாம் பெரட்டு முடிந்து காட்டுக்குள் நிற்கிற வேளையில் அங்கே ஆள் கைமாறிவிட்டது.

போன ஒருவருக்குப் பதிலாக வந்தவர்கள் இரண்டு பேர். நியூகாசலில் இருந்து ஆண்டி கேரல், விலை 3 கோடியே 50 லட்சம் பவுண்டு. நெட்டையான ஆள், டோரஸின் 9-ம் எண் அவருக்குக் கொடுக்கப்பட்டது. இன்னொருவர் உருகுவே நாட்டு லூயிஸ் சுவாரஸ். அயாக்ஸில் இருந்து 2 கோடியே 28 லட்சத்துக்கு வந்தார்; எண் 7.

அந்த 7-ம் எண்ணுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் அப்பா காலத்து ரசிகர்கள் சொல்லக் கேட்டது. 1977-ல் அந்த எண்ணைப் போட்டு ஆடியவர் கெவின் கீகன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற கையோடு, 5 லட்சம் பவுண்டுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் அணிக்குப் போனார். "இனி லிவர்பூல் அவ்வளவுதான்" என்றார்கள். அதே ஆகஸ்டு மாதம் செல்டிக்கில் இருந்து 4 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கென்னி டால்கிலிஷ் வந்தார். அடுத்த ஆண்டு அதே கிண்ணத்தை அவர் அடித்த ஒற்றைக் கோல் வென்று கொடுத்தது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: 2011-ல் டோரஸ் போன அன்று லிவர்பூலின் நிர்வாகியாக இருந்தவர் அதே டால்கிலிஷ்தான்!

ஆனால் ரசிகன் மனசு சரித்திரம் பார்ப்பதில்லை. பிப்ரவரி 6, நமக்கு நள்ளிரவு. டோரஸ் செல்சிக்காக ஆடிய முதல் ஆட்டம், அதுவும் லிவர்பூலுக்கு எதிராக! பாதி ஆட்டம் தாண்டியதும் அவரை வெளியே எடுத்தார்கள். சில நிமிடத்தில் மெய்ரலஸ் கோல் அடித்து, 1-0 என்று லிவர்பூல் வென்றது. கடையே ஆடியது. "காசுக்குப் போனவனுக்கு நல்லா வேணும்!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். செல்சிக்கு அவர் முதல் கோல் அடிக்க ஏப்ரல் 23 வரை ஆனது. அதுவரை வாராவாரம் அந்தக் கணக்கை எண்ணிச் சிரித்தோம்.

வீட்டுக்கு நடந்து போகையில்தான் எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை நான் முன்பும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் தோட்டத்துக் குழுவிலும் ஓர் ஒன்பதாம் நம்பர் இருந்தார். பால்வெட்டுக்காரர் மகன். காலையில் நிரை பிடித்து மரம் வெட்டிவிட்டு, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயந்திரம் திடலுக்கு வந்தால் மான் மாதிரி ஓடுவார். தீபாவளிக் கிண்ணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு நாள் பஸ் ஏறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். கப்பல் பட்டறை வேலை. "தோட்டத்துச் சோத்தைத் தின்னுட்டு காசுக்கு ஓடிட்டான் பாரு" என்று லயமே பேசியது. நானும் பேசினேன். அந்த ஆண்டு மழையில் எத்தனை நாள் வெட்டு நின்றது, வெட்டு நின்ற நாளில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவன் ஒரு புதுப் பையன். துண்டாடப்பட்ட வேறொரு தோட்டத்திலிருந்து கண்டிராக்டர் கொண்டு வந்த குடும்பங்களில் ஒன்று அவனுடையது. நம்மவன்தான், நம் மொழிதான். ஆனாலும் "கண்டிராக்டு ஆளு" என்ற பெயர் அவன் முதுகில் எண் மாதிரி ஒட்டிக்கொண்டது. அவன் அப்பாவுக்கு நம்மவர்களைவிடக் கூலி குறைவு. "இவனுங்க வந்துதான் நம்ம கூலி ஏறல" என்பது பெரியவர்கள் பேச்சு. சின்னவர்களான நாங்கள் அதைத் திடலுக்குக் கொண்டு வந்தோம். எப்படி என்றால், அவனுக்குப் பந்து கொடுக்க மாட்டோம்.

இறுதி ஆட்டம். கடைசி நேரம். வலது பக்கம் பந்து என் காலில். கோல் கம்பத்துக்கு முன்னால் அவன் தனியாக நிற்கிறான், கையைத் தூக்கி "அண்ணே! அண்ணே!" என்கிறான். நான் பார்த்தேன். பார்த்தும் கொடுக்கவில்லை. நானே அடித்தேன். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து சாக்கடையில் விழுந்தது. ஒரு கோலில் தோற்றோம்.

எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன பிறகு, அவன் சாக்கடையில் இறங்கிப் பந்தை எடுத்தான். குழாயடியில் கழுவினான். என்னிடம் கொண்டு வந்து, "இந்தாங்கண்ணே, பந்து" என்று கொடுத்தான். வேறொரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கண்டிராக்டு முடிந்து அந்தக் குடும்பம் போய்விட்டது. எங்கே போனார்கள் என்று கேட்டு வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கீகனுக்கும் ஹாம்பர்க்கில் இதுதான் நடந்தது. ஆரம்பத்தில் சக ஆட்டக்காரர்களே அவருக்குப் பந்து கொடுக்கத் தயங்கினார்கள். அவர் ஜெர்மன் மொழியைக் கற்றார், விடாமல் உழைத்தார். 1979-ல் ஹாம்பர்க் ஜெர்மன் லீக்கை வென்றது. 1978, 1979 இரண்டு ஆண்டும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. பந்து கிடைத்த பிறகுதானே ஆள் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியும்!

டோரஸ் இடத்துக்கு வந்த இருவர் கதையையும் முடித்து விடுகிறேன். பெரிய விலையும் பெரிய எண்ணும் பெற்ற கேரல் 58 ஆட்டங்களில் 11 கோல்தான் அடித்தார். 2013-ல் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டார். சுவாரஸ் 133 ஆட்டங்களில் 82 கோல். ஆனால் அவரை உத்தமர் என்று நான் சொல்ல மாட்டேன். 2011-ல் எவ்ராவை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதற்காக எட்டு ஆட்டத் தடை, 2013-ல் எதிராளியைக் கடித்ததற்காகப் பத்து ஆட்டத் தடை. முதல் தடையின்போது லிவர்பூல் ஆட்டக்காரர்கள் அவர் படம் போட்ட சட்டையோடு வந்தார்கள். நிறத்தைச் சொல்லித் திட்டு வாங்கிய வம்சத்தில் பிறந்த நாமும் அதற்குக் கை தட்டியிருந்தால், அது வெட்கப்பட வேண்டிய கை. போனவனைத் துரோகி என்பதும், வந்தவன் கோல் அடித்தால் குற்றத்தை மறைப்பதும், இரண்டுமே குருட்டுத்தனந்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றது. பயிற்றுநர் நம்மவர் கே. ராஜகோபால். ஐந்து கோல் அடித்து முதலிடம் பெற்றவர் சஃபி சாலி; இறுதிச் சுற்றில் இந்தோனேசியாவுக்கு எதிராக மட்டுமே மூன்று கோல். அடுத்த மாதமே சிலாங்கூரை விட்டு அவர் எங்கே போனார் தெரியுமா? அதே இந்தோனேசியாவுக்கு, பெலித்தா ஜெயா அணிக்கு! 2011 ஜூலை 16-ல் லிவர்பூல் புக்கிட் ஜாலிலுக்கு வந்து 6-3 என்று வென்றபோது, டால்கிலிஷ் கண் முன்னால் நமக்காக இரண்டு கோல் போட்டவரும் அவரே. அவர் போனதைக் கேட்டு நாம் பெருமைப்பட்டோம். "நம்ம பையனுக்கு வெளிநாட்டுல மவுசு" என்றோம்.

நல்லது. அப்படியானால் ஒரு கேள்வி. நம் ஆட்டக்காரர் பிழைப்புக்காக இந்தோனேசியா போனால் பெருமை. இந்தோனேசியக்காரர் பிழைப்புக்காக நம் செம்பனைக் காட்டுக்கு வந்து குலை வெட்டினால் மட்டும் "நம்ம சோத்தைப் புடுங்க வந்தவன்" என்பதா? இது என்ன நியாயம்?

நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். போனது குற்றமல்ல. அவர்கள் இடத்துக்கு இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்தார்கள். வந்ததும் குற்றமல்ல. வந்தவனுக்குக் குறைந்த கூலி கொடுத்து, அதைக் காட்டியே இருப்பவன் கூலியையும் அமுக்குகிறார்களே, அங்கேதான் இருக்கிறது குற்றம். ஆனால் நம் கோபமோ விலை வைத்தவனை விட்டுவிட்டு விலைப்பட்டவன் மேல் பாய்கிறது.

சேர்க்கைப் பாரத்தோடு தோட்டம் தோட்டமாகப் போகிறேன். "அவனுங்க கண்டிராக்டு ஆளுங்க, அவனுங்ககிட்ட எதுக்குங்க பாரம்?" என்று நம்மவர்களே கேட்கும்போது, கையைத் தூக்கி நின்ற அந்தப் பையன்தான் என் கண்ணில் நிற்கிறான். வெளிநாட்டுத் தொழிலாளி சங்க உறுப்பினராவதற்குச் சட்டத்தில் தடையில்லை. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம், தோட்டத்தில் அவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அவருக்கு அது கிடைக்காமல் போனால் நாளை நமக்கும் கிடைக்காது. ஒரே திடலில் ஆடுகிறவர்களுக்கு இது விளங்காதா?

அந்த அண்ணனை அதே ஆண்டு தீபாவளிக்கு முன்பு பார்த்தேன். அவர் மகன் அந்த 9-ம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு திடலில் ஓடிக்கொண்டிருந்தான். "என்னாண்ணே, வீசலையா?" என்றேன்.

"எதுக்குத் தம்பி? ஆளு போனா போறான். துணி நல்ல துணி. புள்ள ஓடுறான்ல!" என்றார்.

தோழர்களே, போகிறவரை வாழ்த்தி அனுப்புவோம். வருகிறவர் கையைத் தூக்கினால், பந்தைக் கொடுப்போம்.