தேமல் இலையும் தரவரிசைப் பட்டியலும்

எந்த மரவள்ளி இலையைக் காட்டினாலும் ‘தேமல் நோய்’ என்று ஒரே பதிலைச் சொல்லும் நிரலை எழுத ஒரு நிமிடம் போதும். உகாண்டாவில் திரட்டிய 21 ஆயிரத்துக்கும் அதிகமான இலைப் படங்களில் சோதித்தால், அது 60 சதவீத மதிப்பெண் வாங்கிவிடும். காரணம், அவற்றில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவை தேமல் பிடித்த இலைகள். ஆப்பிரிக்காவின் செயற்கை நுண்ணறிவுப் போட்டிகளை எடைபோட இந்தக் கணக்கு முக்கியம்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை விவசாயிகளே தங்கள் தோட்டத்தில் எடுத்தார்கள். எந்த இலைக்கு என்ன நோய் என்று குறித்தவர்கள் உகாண்டாவின் தேசியப் பயிர் ஆராய்ச்சி நிலைய வல்லுநர்கள். கம்பாலாவின் மக்கரேரே பல்கலைக்கழக ஆய்வகம் கூடவே நின்றது. 2020 இறுதியில் ‘காகிள்’ தளம் இவற்றை வைத்து, யாரும் பங்கேற்கக்கூடிய உலகப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. முதலிடம் பிடித்த அணி எட்டியது சுமார் 91 சதவீதம்.

ஆனால், விவசாயியைக் கவிழ்ப்பது பழுப்புக் கீற்று நோய். இலையில் லேசாகத்தான் தெரியும். கிழங்கைத் தோண்டி வெட்டினால் உள்ளே பழுப்பாகக் காய்ந்து அழுகிக் கிடக்கும். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. நோயுள்ள செடியிலிருந்து குச்சி ஒடித்து நட்டால் அடுத்த பருவத்துக்கும் நோய் தொடரும். தொகுப்பில் இதற்கு இருந்தவை 2,200 படங்கள்கூட இல்லை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்தப் பலவீனம் கண்ணுக்குத் தெரியாது.

மாணவர்களுக்கென்றே நடந்த போட்டி ‘உமோஜாஹேக் ஆப்பிரிக்கா’. கேப்டவுனில் 2018இல் தொடங்கிய ‘ஸிண்டி’ தளம் 2020 முதல் இதை நடத்தியது. பல நாட்டுப் பல்கலைக்கழக அணிகள் ஒரே வார இறுதியில் மோதின. இத்தகைய போட்டிகளில், விடை மறைக்கப்பட்ட தரவுக்கு மாடலின் கணிப்பை அனுப்ப வேண்டும். அதில் ஒரு பகுதிக்கான மதிப்பெண் உடனே தரவரிசையில் ஏறும். மீதி, போட்டி முடிந்த பிறகுதான் வெளிவரும். பட்டியலைப் பார்த்துப் பார்த்து மாடலைத் திருத்தியவர்கள் கடைசியில் சறுக்குவது அதனால்தான்.

2022இல் கொடுத்த கணக்குகள் ஆப்பிரிக்க மண்ணிலிருந்தே வந்தவை. ஒன்று, விஷமுறிவு மருந்து ஆப்பிரிக்கப் பாம்புகளின் நச்சுப் புரதங்களோடு எவ்வளவு வலுவாக ஒட்டும் என்பது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. மக்கரேரேயின் ‘ஏர்க்யூ’ திட்டம் காற்று மாசை அளக்க மலிவான பெட்டிகளைப் பொருத்தியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு தூசு உணரிகள். இரண்டும் அளப்பது ஒரே காற்றை. அளவு வெகுவாக மாறுபட்டால் ஏதோ பழுது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்த்து, எந்தப் பதிவு பழுதானது என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை சிறிய, இத்தனை பயனுள்ள கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

என் மனக்குறை வேறு. பல மாடல்களைப் பிணைத்து அரை சதவீதம் கூடுதலாக எடுப்பவரே போட்டிகளில் வெல்கிறார். அந்தச் சுமையை விவசாயியின் மலிவு போன் தாங்காது. அரிய நோயைப் பிடிப்பதற்குத் தனி மதிப்பெண்ணும், மாடலின் அளவுக்கு ஒரு வரம்பும் வைக்க வேண்டும். நடக்காத காரியமல்ல இது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘பிளான்ட்வில்லேஜ்’ குழு உருவாக்கிய ‘நுரு’ செயலி, சிக்னல் இல்லாத மரவள்ளித் தோட்டத்திலும் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் இலையைப் பார்த்து நோயைச் சொல்கிறது.