கித்தாரும் கவலை ஏற்றமும்

பள்ளி ஆண்டு விழாவுக்கு இன்னும் இரண்டு வாரமே இருக்கிறது. மேடையில் கித்தார் வாசிப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். பாட்டில் 'எஃப்' என்னும் கார்டு வருகிறது. சுட்டுவிரலைக் குறுக்கே கிடத்தி ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் 'டப், டப்' என்று மங்கலான ஓசைதான் வருகிறது. கையில் வலுப் போதவில்லை என்று எண்ணி இரவு பத்து மணி வரை சாதகம் செய்கிறீர்கள். நான்காம் நாள் மணிக்கட்டு வலிக்கிறது. வீட்டில் சொன்னால் கித்தாரை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுவார்களோ என்று சொல்லாமல் இருக்கிறீர்கள்.

குறை உங்கள் வலுவில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போமா?

விரலை இழுப்பது யார்?

ஒரு சிறு சோதனை. இடது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, வலக்கையால் பற்றிக்கொள்ளுங்கள். இப்போது இடக்கை விரல்களை மடக்கி விரியுங்கள். தோலுக்கடியில் தசை அசைவது தெரிகிறதல்லவா? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் என்னும் கயிறுகள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளுக்குச் செல்கின்றன.

கோவை, ஈரோடு மாவட்டத் தோட்டங்களில் மின்சார மோட்டார் பரவுவதற்கு முன் கவலை ஏற்றத்தால் கிணற்று நீரை இறைத்தார்கள். உங்கள் அப்பாரையோ அப்பிச்சியையோ கேட்டுப் பாருங்கள். மாடுகள் ஒரு பக்கம் நடக்கும். நீர்ச்சால் கிணற்றுக்குள் தொங்கும். இரண்டையும் இணைக்கும் வடம் உருளையின் மேல் ஓடும். நம் கையிலும் இதே ஏற்பாடுதான். முன்கைத் தசை மாடு, தசைநாண் வடம், விரல் நுனி சால், மணிக்கட்டு உருளை இருக்கும் இடம். உருளை கோணிக்கொண்டால் வடம் உராய்ந்து தேயும். மணிக்கட்டைக் கோணலாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசித்தாலும் அதுபோன்ற தொல்லைதான்.

மணிக்கட்டின் உட்பக்கத்தில் எலும்புகளும் ஒரு உறுதியான பட்டையும் சேர்ந்த குறுகிய குகை ஒன்று உண்டு. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டை மிகுதியாக மடக்கினால் குகைக்குள் அழுத்தம் கூடும், நரம்பு நசுங்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மரமரப்புத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொரு சோதனை. ஒரு பென்சிலை இறுகப் பிடியுங்கள். மணிக்கட்டை முழுவதும் உள்பக்கமாக மடக்குங்கள். பிடி தளர்ந்துவிடுகிறது! மணிக்கட்டு மடங்கினால் அதே தசை அதே பாடுபட்டும் பாதிப் பயனைக்கூடத் தருவதில்லை.

கொடிக்கயிறு சொல்லும் பாடம்

இனிக் கித்தாருக்கு வருவோம். வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நடுவில் அழுத்துங்கள், எளிதாகத் தாழும். கம்பத்துக்கு அருகே அழுத்துங்கள், விறைத்து நிற்கும். வீணையில் மெட்டு என்று சொல்வதைக் கித்தாரில் ஃப்ரெட் என்கிறோம். 65 செ.மீ. நீளமுள்ள கம்பியில் முதல் ஃப்ரெட், கம்பியின் முனையிலிருந்து சுமார் 3.6 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஐந்தாம் ஃப்ரெட்டோ 16 செ.மீ. தொலைவில் உள்ளது. 'எஃப்' கார்டு முதல் ஃப்ரெட்டில், அதாவது 'கம்பத்துக்கு அருகே' அமைந்திருப்பதே அது தொல்லை தரக் காரணம்! அதே விரல் அமைப்பை ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகிவிட்டு, நாளுக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள்.

கம்பியின் இழுவிசையையும் குறைக்கலாம். சாதாரண எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. நைலான் கம்பிகளில் இது 40 கிலோ அளவுதான். இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். ஆகவே எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரண்டாம் ஃப்ரெட்டில் 'காப்போ' என்னும் கவ்வியைப் பொருத்தினால் பழைய சுருதி திரும்பக் கிடைக்கும். விரலுக்கோ வேலை குறைவு.

கணிதப் பெட்டியிலுள்ள அளவுகோலால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். எஃகுக் கம்பிக் கித்தாரில் 2 முதல் 3 மி.மீ. போதும். அதற்கு மேல் இருந்தால் கடைக்காரரிடம் கொடுத்துத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

ஷூமான் இழந்த விரல்

ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமான் இளமையில் பெரிய பியானோ கலைஞராக வர விரும்பினார். அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தார். விரலை வலுப்படுத்த ஒரு கருவியையும் பயன்படுத்தினார். 1830-களின் தொடக்கத்தில் அவருடைய வலக்கை விரல் ஒன்று செயல் குன்றியது. காரணம் இன்னதென்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் மேடைக் கலைஞராகும் கனவு அத்தோடு முடிந்தது. அவர் இசையமைப்பாளராகப் புகழ் பெற்றார் என்பது வேறு கதை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கம்பியின்மேல் விரலை மெல்ல வையுங்கள். மீட்டிக்கொண்டே சிறிது சிறிதாக அழுத்துங்கள். ஓசை தெளிந்ததும் நிறுத்துங்கள். தேவையான விசை அவ்வளவுதான். அதற்கு மேல் அழுத்துவது வீண்.

2. விரலை ஃப்ரெட்டின்மேல் அல்ல, அதற்குச் சற்று முன்னால் ஒட்டினாற்போல் வையுங்கள்.

3. மணிக்கட்டு நேராக இருக்கட்டும். கித்தாரின் தலைப்பகுதியைச் சற்று உயர்த்திப் பிடித்தால் அது தானாகவே நேராகும். கட்டைவிரல் தாங்க மட்டும் செய்யட்டும், நெரிக்க வேண்டாம்.

4. இருபது நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள். விழா நெருங்குகிறது என்று ஒரே நாளில் பயிற்சியை இரட்டிப்பாக்காதீர்கள்.

முதல் சில வாரங்களில் விரல் நுனித் தோல் எரிவது இயல்பு. தோல் காய்த்ததும் சரியாகிவிடும். ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, மரமரப்பு, இரவில் விழிப்பூட்டும் ஊறல் ஆகியவை இருந்தால் அன்றே கித்தாரைக் கீழே வையுங்கள். வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே குணமாகும். மறைத்து வைத்தால்தான் கித்தார் உண்மையிலேயே பரணுக்குப் போக நேரும்!

ஆண்டு விழா என்னாவது என்கிறீர்களா? மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் 'எஃப்' பிடித்து வாசியுங்கள். கேட்பவருக்குக் குறை தெரியாது. முழுக் கார்டுக்கு அடுத்த ஆண்டு விழா இருக்கிறதே!