டிவியில் கம்ப்யூட்டர் படம் சரியாக வரவில்லையா?

கம்ப்யூட்டரில் புதிதாக கிராபிக்ஸ் கார்டு (திரைக்கு வேண்டிய படத்தைத் தயாரித்து அனுப்பும் அட்டை) போட்டிருக்கிறீர்கள். எச்டிஎம்ஐ கேபிளை (படம், ஒலி இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோவது) டிவியில் மாட்டியும் ஆயிற்று. திரையில் "நோ சிக்னல்" என்றுதான் வருகிறது. கார்டு போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு கேபிளில், மாட்டிய இடத்தில் அல்லது ஏதோ ஒரு செட்டிங்கில் இருக்கும்.

எந்த இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள்? பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி, இன்டர்நெட் கேபிள் சொருகும் இடங்களோடு சேர்ந்தாற்போல் ஒரு எச்டிஎம்ஐ இருக்கும், அது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, படுக்கைவாக்கில் தனியாக இருப்பதுதான் கார்டுடையது. கேபிள் அங்கேதான் போகவேண்டும்.

மேலே மாட்டினால் என்ன ஆகும்? இன்டெல் ஐ5-12400எஃப் போல எஃப் என்று முடியும் பிராசசர்களில் படம் காட்டும் வசதி கிடையாது. திரை கறுப்பாகவே நிற்கும். வசதி உள்ள பிராசசராக இருந்தால் படம் வந்துவிடலாம். அதுதான் பெரிய தொல்லை. காசு கொட்டி வாங்கிய கார்டு உள்ளே சும்மா கிடக்கும், கேம் திணறும், காரணம் புரியாமல் நீங்கள் விழித்துக்கொண்டிருப்பீர்கள்.

சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் இருட்டா? டிவி ரிமோட்டில் எச்டிஎம்ஐ 1, 2 என்று மாற்றிப் பாருங்கள். பெரிய கார்டு என்றால் பவர் சப்ளையிலிருந்து அதற்கென்று தனி ஒயர் போகவேண்டும். அது நன்றாக அழுந்தியிருக்கிறதா என்று, மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கம்பெனி லோகோ தெரிகிறது, விண்டோஸ் வந்ததும் கறுத்துப்போகிறதா? அப்படியானால் கேபிளில் படம் போகிறது. டிவி தாங்காத அளவில் போகிறது என்று சந்தேகப்படலாம். வேறொரு மானிட்டரையும் கூடவே மாட்டி, டிவிக்கான அளவை 1920×1080, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) என்று குறைத்துவையுங்கள். இனிமேல் அளவை மாற்றும்போது திரை இருண்டால் எதையும் தொடாதீர்கள். நீங்கள் ஒப்புதல் தராவிட்டால் விண்டோஸ் 15 நொடியில் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

படம் வருகிறது, ஆனால் ஓரம் வெட்டுப்படுகிறதா? கீழே டாஸ்க்பார் பாதி காணோம், மூலையில் சாளரத்தை மூடும் குறி காணோம். பலரும் இதைப் பழகிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள், தேவையே இல்லை. இதற்கு ஓவர்ஸ்கேன் (படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை மறைப்பது) என்று பெயர். பழைய பிக்சர் டியூப் டிவியில் படத்தின் விளிம்பு சீராக இருக்காது என்பதால் வந்த ஏற்பாடு அது. டியூப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இதை டிவியில்தான் சரிசெய்ய வேண்டும். படத்தின் அளவுக்கான மெனுவில் எல்ஜி என்றால் "ஜஸ்ட் ஸ்கேன்", சாம்சங் என்றால் "ஃபிட் டு ஸ்கிரீன்", சோனி என்றால் "ஃபுல் பிக்சல்" என்று தேடுங்கள். கம்ப்யூட்டரிலேயே படத்தைச் சுருக்கிவிட்டால் ஆகாதா? ஆகும். ஆனால் கார்டு சுருக்க, டிவி மறுபடி பெரிதாக்க, எழுத்தெல்லாம் கலங்கிவிடும். ஓரம் சரியான பிறகும் எழுத்து மங்கலாக இருந்தால், டிவியில் கம்ப்யூட்டர் மாட்டிய எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை "பிசி" என்று மாற்றுங்கள். பல டிவிகள் அந்தப் பெயரைப் பார்த்ததும் படத்தை மெருகேற்றும் வேலையை நிறுத்திவிடும்.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா? கம்ப்யூட்டர் கறுப்பு முதல் வெள்ளை வரை 0-255 என்று எண்ணுகிறது. டிவியின் வழக்கமோ 16-235. கார்டு டிவி கணக்கில் அனுப்ப, டிவி கம்ப்யூட்டர் கணக்கில் படித்தால் எல்லாம் வெளுக்கும். தலைகீழாக நடந்தால் இரவுக் காட்சியில் ஆள் முகமே தெரியாது. என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் "டைனமிக் ரேஞ்ச்" என்பதை "ஃபுல்" ஆக்கி, டிவியின் "பிளாக் லெவல்" அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

4கே டிவியில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறதா? 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ 1.4 கொடுக்கும் உச்சம் அவ்வளவுதான். 2013-ல் வந்த 2.0 தான் 60 தரும். கார்டு, கேபிள், டிவி மூன்றில் எது பழையதோ அதன் வேகம்தான் உங்களுக்கு. கேபிள் வாங்கும்போது தங்க முலாமைப் பார்க்காதீர்கள், அதனால் படம் கூடுதலாகத் தெளியாது. "பிரீமியம் ஹை ஸ்பீட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்கு அது போதும். சில டிவிகளில் எச்டிஎம்ஐ இணைப்புக்கான முழு வேகத்தை மெனுவில் நாம்தான் திறந்துவிட வேண்டும்.

படம் உண்டு, சத்தம் இல்லையா? விண்டோஸில் ஸ்பீக்கர் குறியை அழுத்தி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும்.

கார்டு மேல் எப்போது சந்தேகப்படலாம்? கேபிளையும் மாற்றி, வேறு மானிட்டரிலும் பார்த்தாயிற்று; விண்டோஸ் வருவதற்கு முன்பே, லோகோ மேலேயே நிறப் புள்ளிகளும் கோடுகளும் விழுகின்றன என்றால் சந்தேகம் நியாயம்தான். பில்லையும் கார்டையும் எடுத்துக்கொண்டு, திரையில் தெரிந்ததை ஒரு போட்டோவும் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.