டி டிரைவும் அதே வட்டில்தான் இருக்கிறது

“போட்டோவெல்லாம் டி டிரைவில்தானே இருந்தது, அது எப்படிப் போகும்?” வீட்டுக் கணினியில் லினக்ஸ் நிறுவிய மறுநாள் இப்படிக் கேட்டு வருபவர்கள் குறைந்தபாடில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் பார்ட்டிஷன்கள், அதாவது பிரித்த பகுதிகள். உபுண்டு என்ற லினக்ஸை நிறுவும்போது ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அத்தனையும் அழியும். திரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. படிக்காமலே ‘நெக்ஸ்ட்’ அழுத்துகிறார்கள். பேக்கப் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மொத்த வட்டையும் துடைத்துக் கொடுக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

முதலில் பேக்கப் எடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்கில் எடுங்கள், அதே வட்டின் இன்னொரு பார்ட்டிஷனில் அல்ல. எடுத்த கோப்புகளில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.

விண்டோஸும் வேண்டும் என்றால், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். காகிதத்தில் எழுதி வையுங்கள். பிறகு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிட்டு, விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுத்து இடத்தை விடுவியுங்கள். அதை வெற்றிடமாகவே விடுங்கள்.

நிறுவும்போது ‘மேனுவல்’ வழியைத் தேர்ந்தெடுங்கள் (பழைய உபுண்டு பதிப்புகளில் ‘சம்திங் எல்ஸ்’). கணினி கிளம்பத் தேவையான இஎஃப்ஐ என்ற சிறிய பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கும். அதையே பயன்படுத்துங்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். செய்தால் விண்டோஸ் கிளம்பாது. வெற்றிடத்தில் உபுண்டு அமரும் ‘ரூட்’ பார்ட்டிஷனுக்கு 50 ஜிபி ஒதுக்குங்கள். 25 ஜிபியிலும் உபுண்டு நிற்கும்தான், ஆனால் செயலிகள் சேரச் சேர மூச்சு முட்டும். மீதி இடம் முழுவதும் உங்கள் கோப்புகள் இருக்கும் ‘ஹோம்’ பார்ட்டிஷனுக்கு. இரண்டுக்கும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை போதும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனி இடம் கட்டாயமில்லை, உபுண்டு 17.04 முதல் அதைக் கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. ஹைபர்னேட் வேண்டுமென்பவர்கள் மட்டும் ரேம் அளவுக்குக் குறையாமல் ஸ்வாப் பார்ட்டிஷன் ஒதுக்கினால் நல்லது.

ஹோமைத் தனியாக வைப்பதன் பலன் அடுத்த முறை தெரியும். லினக்ஸ் பழுதாகி மறுபடி நிறுவ நேர்ந்தால் ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். ஆனால் பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். ஹோமுக்கு மவுண்ட் பாயின்ட் (/home) மட்டும் குறிக்க வேண்டும். ஃபார்மட் கட்டத்தில் டிக் கூடாது. மறுபடி சொல்கிறேன், ஹோமுக்கு டிக் கூடாது. ஒவ்வொரு பார்ட்டிஷனின் பெயரையும் அளவையும் முன்பே எழுதி வைத்திருந்தால் எது ஹோம் என்று தடுமாற வேண்டியதில்லை. பழைய பயனர் பெயரையே மறுபடியும் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தவறுதலாக அழித்துவிட்டால் உடனே கணினியை அணையுங்கள். அந்த வட்டில் எதையும் எழுத விடாதீர்கள். லைவ் பென்டிரைவிலிருந்து கிளப்பி, டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் கொண்டு தொலைந்த பார்ட்டிஷனைத் தேடலாம். கிடைக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் சில படங்களையாவது, பழைய பெயர்கள் இல்லாமல், மீட்டுத் தரக்கூடும். எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைத் துடைத்துவிடும் ‘டிரிம்’ காரணமாக நம்பிக்கை குறைவு. மீட்ட கோப்புகளை அதே வட்டில் சேமிக்காதீர்கள்.