ஈறில் ரத்தம்: வைட்டமின் மாத்திரை போதுமா?

பல் துலக்கித் துப்பினால் நுரையோடு ரத்தம். உடனே மெடிக்கலில் வைட்டமின் சி மாத்திரை வாங்கிச் சப்புகிறோம். இது சரியா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

வைட்டமின் சி மிகவும் குறைந்தால் ஸ்கர்வி வரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். 1747-ல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளிடம் ஆறு வகை வைத்தியங்களைச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட 2 பேர்தான் மளமளவெனத் தேறினர். ஆனால், நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது ஸ்கர்வி அல்ல.

அப்போ எதனால் ரத்தம்?

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் கிருமிப் படலத்தால். நாளடைவில் அது பற்காரையாக இறுகிவிடும். அதை பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, மாத்திரையாலும் கரைக்க முடியாது. ஸ்கேலிங்தான் வழி.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

இல்லை. காரையை அப்படியே விட்டால்தான் அழற்சி தொடர்ந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்.

அப்போ சப்ளிமென்ட் வேஸ்ட்டா?

முழுக்க இல்லை. ஸ்கேலிங்கோடு ஒமேகா 3 எடுத்தவர்களுக்குச் சற்றே கூடுதல் பலன் கிடைத்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வைட்டமின் சி குறைபாடு இருப்பவருக்கு அது கைகொடுக்கும். அதற்கும் ஒரு கொய்யாப்பழமே போதும். தினம் 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் மீன் எண்ணெய் மாத்திரை எடுக்க வேண்டாம்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். புகைபிடிப்பவர்களுக்கோ ரத்தம் அதிகம் வராமலேயே முற்றலாம். முதலில் பல் டாக்டர், மாத்திரை அதற்கப்புறம்தான்.