சோலைக்குள் ஒரு நாள்

விடுமுறை வந்துவிட்டால் திண்டுக்கல் வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வருவது இயல்பு. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவுதான். ஏரியில் ஒரு படகுச் சவாரி, தூண்பாறைக்கு முன் ஒரு நிழற்படம், ஒரு பொட்டலம் சாக்லேட், ஒரு புட்டி யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றோடு மாலையில் இறங்கிவிடுகிறோம். மலைக்குப் போய் வந்தோம் என்று அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம். உண்மையில் மலைமேல் உள்ள கடைத்தெருவுக்குத்தான் போய் வந்திருக்கிறோம்.

மலையின் உயிர்நிலை அக்கடைத்தெருவில் இல்லை. பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில், ஓடைகளின் இரு மருங்கிலும், இருண்டு அடர்ந்து நிற்கும் காடுகளில்தான் அது உள்ளது. அக்காட்டிற்குச் சோலை என்பது பெயர். உலகெங்கும் உள்ள தாவரவியல் அறிஞர்கள் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாள்கின்றனர். நம் சொல்லால் உலகம் அறிந்துள்ள காட்டை நாம் அறியாதிருப்பது பொருத்தமன்று. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருநாளேனும் அதற்குள் கால்நடையாகச் சென்று வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நெருப்பு மலையும் பழைய மலையும்

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறையில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஐந்து குடும்பங்களுடன் அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொண்டேன். வனத்துறையின் அனுமதியை முன்னரே பெற்றிருந்தோம். விடியுமுன் திண்டுக்கல்லை விட்டுச் செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக மலைப்பாதையை அடைந்தது எங்கள் வேன். வளைவுகள் தொடங்கியதும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “இது முன்னே எரிமலையாக இருந்ததா, சாமி?” என்று கேட்டான். நல்ல கேள்வி. பாடநூலில் அவன் கண்டிருந்த மலைப்படம் நெருப்பைக் கக்கும் மலையின் படமாயிருந்ததே காரணம்.

பழனி மலைத்தொடர் எரிமலையன்று. நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகிய சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய பாறையால் ஆனது இது. கொல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை இவ்வினக் கல்லால் அமைந்தமையின், நிலவியலார் அவர் பெயரையே அதற்கு இட்டனர். சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பாறையும் இவ்வினமே.

எரிமலைக் காட்டைக் காண விரும்புவோர் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவுக்குச் செல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் பலர் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கொண்டு செல்லப்பட்ட தீவு அது. அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அங்குள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் மலை இன்றும் அடிக்கடி நெருப்புக் குழம்பைக் கக்குகின்றது. தீவின் மலைப்பகுதிகள் 2007 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றன. குழம்பு குளிர்ந்து கறுத்த பாறையின் மீது முதலில் பாசியினங்களும் பெரணிகளும் தோன்றுகின்றன. அவற்றின் மக்கிய உடல்மீது பின்னர் மரங்கள் எழுகின்றன. காட்டை அழிக்கும் நெருப்பே அடுத்த காட்டிற்குப் புதிய நிலத்தையும் தந்துவிட்டுப் போகின்றது.

நம் மலைக்கு அந்த வசதி இல்லை. இங்கே எந்த நெருப்பும் புதிய நிலத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் பாறை தேய்ந்து, அதன்மேல் இலையும் சருகும் மக்கி, ஒரு விரற்கடை மண் உண்டாவதற்குப் பல தலைமுறைகள் கழிந்துவிடும். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை சோலையின் வேர்களும் புல்லின் வேர்களுமே. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு காட்டிற்குள் நுழைவோமாக.

பாட்டியின் நடை

வட்டக்கானலிலிருந்து பாம்பார் சோலையின் ஓரமாகக் கீழிறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தொடங்கினோம். பெரியகுளத்திலிருந்து வெள்ளகவி வழியாக மலையேறிய பழைய நடைபாதை இதுவே. மோட்டார்ச் சாலை வருமுன், பொருளும் ஆளும் கால்நடையாகவே மலைக்கு வந்து சேர்ந்தன. வெள்ளகவி மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்பாதையிலேயே தலைச்சுமையுடன் ஏறி இறங்கியவர்கள்.

எங்களுள் அறுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். அவரால் விரைந்து நடக்க இயலாது. இளைஞர்கள் முதலில் பொறுமை இழந்தனர், “பாட்டி, நீங்க மேலேயே இருந்திருக்கலாமே!” என்று ஒருவன் சொல்லியும்விட்டான். ஆனால் வழிகாட்டியாக வந்த உள்ளூர் அன்பர், பாட்டியை முன்னே விட்டு மற்றவர்களை அவர் பின்னே வரச் சொன்னார். காட்டைக் காண்பதற்கு ஏற்ற வேகம் அதுதான் என்பது சிறிது நேரத்தில் அனைவர்க்கும் விளங்கிற்று.

சோலை மரங்கள் வானளாவியவை அல்ல. குட்டையானவை, முறுக்கேறியவை, மிக மெல்ல வளர்பவை. நாவல் இனங்களும் காட்டுச் செண்பகமும் கிளை பின்னி மேலே கூரையாக நிற்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் பாசி. பாசியின்மேல் சிறு பெரணி. அதனருகே ஒட்டி வாழும் ஆர்க்கிட் செடி. ஓடைப் பள்ளத்தில் மரம்போல் உயர்ந்து நின்ற பெரணிகளைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர். பறவை ஒன்று அடர்ந்த புதரிலிருந்து உரக்கச் சிரிப்பதுபோல் கூவிற்று. பழனி மலைச் சிரிப்பான் என்று வழிகாட்டி கூறினார். ஃபேர்பாங்க் என்னும் அமெரிக்கச் சபைக்குருவின் பெயரை அதன் அறிவியற்பெயரில் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத பறவை அது.

ஓரிடத்தில் பாட்டி இளைப்பாற அமர்ந்தார். அவர் பேத்தி விளையாட்டாகச் சருகை விலக்கி மண்ணுக்குள் கையை விட்டாள். மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தும், அவள் கை மணிக்கட்டு வரை நனைந்து வந்தது. “மழை இல்லாம எப்படித் தாத்தா ஈரம்?” என்று கேட்டாள்.

அந்த ஈரமே சோலையின் இரகசியம். மழைத்துளி முதலில் இலையில் விழுந்து, பாசியில் நின்று, சருகில் இறங்கி, மண்ணுக்குள் புகுகின்றது. மழையில்லா நாட்களிலும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுகின்றது. இவ்வாறு சேர்ந்த நீர் ஒரேயடியாகப் பாய்ந்தோடாமல், மாதக்கணக்கில் கசிந்து ஓடையாகின்றது. சோலையைச் சூழ்ந்துள்ள மேட்டுப் புல்வெளிக்கும் இப்பணியில் சரிபங்கு உண்டு. நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்தோர், புல்லும் சோலையும் இம்மலைகளில் 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்து வருவதைக் கண்டறிந்துள்ளனர். புல்வெளி வெற்றிடமன்று, சோலைக்கு உடன்பிறந்தது.

நம் வீட்டுக் குழாய்க்கு வரும் நீர்

பாம்பாறு நாங்கள் நடந்த பாதையின் அருகே அருவியாக விழுந்து, கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துச் சமவெளியை அடைகின்றது. மேலே உள்ள பேரிஜம் ஏரி பெரியகுளத்திற்குக் குடிநீர் தருகின்றது. நம் பக்கத்திற்கு வருவோம். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. அதில் வந்து சேர்வது கீழ்ப்பழனி மலைச் சரிவுகளின் நீர். குடகனாறு அங்கிருந்து வறண்ட சமவெளியைக் கடந்து அமராவதியில் கலக்கின்றது. அய்யம்பாளையம் மருதாநதி அணை, ஒட்டன்சத்திரத்தை அடுத்த பரப்பலாறு அணை, பழனியை அடுத்த பாலாறு–பொருந்தலாறு அணை ஆகிய அனைத்தும் இம்மலையின் மக்களே. தென்மேற்குப் பருவமழை நம் சமவெளியை ஏறத்தாழத் தொடாமலே போகின்றது. சமவெளியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு மழை பெறும் மலை, அதைச் சேமித்துச் சிறுகச் சிறுகத் தருவதால்தான் நாம் கோடையைக் கடக்கிறோம்.

பட்டையின் கதை

திரும்பும் வழியில் நடந்த ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. பேத்தி கேள்வி கேட்ட அந்தத் தாத்தா, இளமையில் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் சுமை தூக்கியவர். சோலையின் விளிம்பில், மஞ்சள் பூக்கள் அரும்பிய மரக்கூட்டம் ஒன்றைக் கடந்தபோது அவர் நின்றுவிட்டார். கீழே கிடந்த பட்டைத் துண்டை எடுத்து முகர்ந்தார்; நுனியைக் கிள்ளி நாவில் வைத்தார். முகம் மாறிற்று.

“சாமி, இது எங்க பட்டை! இதே துவர்ப்புத்தான். மூட்டை மூட்டையா லாரியிலிருந்து இறக்கியிருக்கேன். எந்த மரம்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

மலைமக்கள் சீகை மரம் என்று கூறும் வாட்டில் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோல் பதனிடும் துவர்ப்புச் சத்துக்காகவும், விறகுக்காகவும், ஆலைகளுக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் இம்மலைப் புல்வெளிகளில் நடப்பட்டன. நட்டவர்கள் தீய எண்ணத்துடன் நட்டதாகக் கூறமுடியாது. மரமில்லாப் புல்வெளி வீணான நிலம் என்பது அக்காலத்துக் கருத்து. மரத்தால் சமவெளியில் பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்ததும் உண்மை. ஆயினும் இம்மரங்கள் நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சின. வாட்டில் விதை பரவி, நடாத இடத்தையும் பிடித்துக்கொண்டது. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு 1973க்கும் 2014க்கும் இடையில் மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்துவிட்டதென 2018 இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டுகின்றது.

தாத்தா பட்டையைக் கீழே போடவில்லை. “எங்க தெருக் கிணறு தோல்ஷாப்புத் தண்ணியில கெட்டுப்போச்சு. குடம் தண்ணி விலைக்கு வாங்குறோம். இங்கே மேலேயும் தண்ணி இதனாலே குறைஞ்சுதா?” என்று கேட்டார். வழிகாட்டி தலையை அசைத்தார். ஒரு மரத்தின் பட்டை மேலே ஊற்றையும் கீழே கிணற்றையும் தொட்டிருப்பதை அக்குடும்பம் அங்கு நின்று உணர்ந்தது. எந்தப் பாடநூலும் இதனை இவ்வளவு தெளிவாக அவர்களுக்குக் கற்பித்திருக்காது.

எல்லா வாட்டிலையும் ஒரே நாளில் வெட்டிவிடலாமே என்று பிள்ளைகள் கேட்டனர். அதுவும் எளிதன்று. பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் மீண்டும் முளைத்து வருகின்றன. ஆராயாமல் வெட்டினால் அவையும் அழியும். திறந்த மண்ணில் வாட்டில் விதைகளே முதலில் முளைக்கும். எனவே இடமறிந்து அகற்றுவதும், புல்லையும் சோலைக் கன்றையும் நாற்றங்காலில் வளர்த்து நடுவதுமாகிய பொறுமையான பணியே தேவை. பழனி மலைப் பாதுகாப்புக் குழு, வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இத்தகைய பணியில் ஈடுபட்டுள்ளன.

அறிந்து பேணியவர்கள்

இம்மலையின் செடிகொடிகளை அறிவதில் நம் துறவியர்க்கும் பங்குண்டு. 1895 இல் செண்பகனூரில் இயேசு சபையினர் நிறுவிய திருஇருதயக் கல்லூரியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உள்ளது. அங்கு வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி ஆங்லாத் அடிகளார் மலைச் செடிகளைப் பார்த்துப் பார்த்து நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் தாவரச் சேகரிப்பகத்தை நிறுவிய கே.எம். மேத்யூ அடிகளார் (1930–2004), பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999 இல் வெளியிட்டார். செடியின் பெயரை அறிவது அதைக் காப்பதற்கு முதற்படி என்பதை இவர்கள் வாழ்க்கை காட்டுகின்றது.

குடும்பத்தோடு செல்வோர்க்கு

ஆர்வத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். காய்ந்த மாதங்களில் மேட்டுப் புல்வெளி நொடியில் பற்றிக்கொள்ளும். ஆகையால் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றி எவரும் காட்டிற்குள் செல்லலாகாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தை 40 பாதைகளுடன் தொடங்கியது. அதன்வழி முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் செல்வது நன்று. கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. புறப்படுமுன் இதனையும் கவனிக்க.

முழங்காலை மூடும் ஆடை அணியுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும்; பிய்த்து இழுக்காமல் சிறிது உப்பைத் தடவினால் விழுந்துவிடும். காட்டெருமையைக் கண்டால் அருகில் சென்று படமெடுக்க முயலாதீர்கள். அமைதியாக நின்று வழிவிடுங்கள். நெகிழிப் பையும் நெகிழிப் புட்டியும் வேண்டா. எடுத்துச் சென்ற எதையும் அங்கே விட்டு வராதீர்கள். ஒலிபெருக்கியும் பாட்டும் வேண்டா. முதியவரை வீட்டில் விட்டுச் செல்லாமல் அவர் நடைக்கு ஏற்ற பாதையைத் தேர்ந்தெடுங்கள். கொடைக்கானல் தொலைவு எனக் கருதுவோர்க்கு நம் வாசலிலேயே சிறுமலை இருக்கின்றது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006 இலும் 2018 இலும் இம்மலைகளில் பூத்தது. அடுத்து 2030 இல் பூக்கவேண்டும். குறிஞ்சி வளர்வது வாட்டில் நிழலில் அன்று, திறந்த மேட்டுப் புல்வெளியில். எஞ்சியிருக்கும் மூன்றில் ஒரு பங்கு புல்வெளி இன்று நம் காவலில் உள்ளது. உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லுங்கள். தங்கள் வீட்டுக் குழாயில் விழும் நீர் எங்கிருந்து புறப்படுகின்றது என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும்.